பன்னிரண்டாவது தலை

கீழே வருவது முழுக்க நிஜம். ஒரு வரி கூட்டவில்லை, ஒரு வரி குறைக்கவில்லை. இதில் எள்ளளவு பொய் இருந்தாலும் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும். நான்கும் கெட்டியான பற்கள். இதைவிடப் பெரிய பிணை கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை மணி ஐந்தே முக்கால். வாசலில் வேன் வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. கூடத்தில் பதினோரு பேர் சீப்பு எங்கே, செருப்பு எங்கே என்று ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணி, ஃப்ளாஸ்க்" என்றது ஒரு குரல். "அண்ணி, என் மாத்திரை டப்பா" என்றது இன்னொன்று. வழக்கமாக இப்படிக் கூப்பிட்டால் சமையலறையிலிருந்து ஒரு கை மட்டும் நீளும். கேட்ட பொருள் அதில் இருக்கும். அன்றைக்குக் கையோடு ஆளும் வந்தாள். காலில் செருப்பு. தோளில் பை.

"நானும் வரேன்," என்றாள்.

சீப்பு தலையிலேயே நின்றது. நாத்தனாரின் நான்கு வயதுக் குழந்தைகூட அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்தது.

மாமியார்தான் முதலில் தேறினார். "எங்க வரே?"

"ராஜா ஊருக்குத்தான், அத்தை."

"உனக்குத்தான் வண்டி ஏறினா தலை சுத்துமே."

"சுத்தினா சுத்தட்டும்."

"சுத்தினா சுத்தட்டுமாம். வண்டியெல்லாம் அசிங்கம் பண்ணி வைப்பே... யார் கழுவுறது?"

"எப்பவும் நான்தானே கழுவுறேன்?"

இருபத்திரண்டு வருஷத்தில் மருமகள் எதிர்த்துச் சொன்ன முதல் வாக்கியம் இது. எதிர்த்துச் சொன்னதா, உள்ளதைச் சொன்னதா என்று தெரியாமல் மாமியார் தடுமாறினார்.

"இந்த வருஷம் அந்தக் கிழிசல் குஞ்சம் வரைக்கும் வந்திருக்கும். அதுதான்..." என்றாள் அண்ணி. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். கொழுந்தனும் நாத்தனாரும் கூப்பிட்டதில் நியாயம் இருந்தது. அவர்களைப் பார்த்து ஓரகத்தி கூப்பிட்டாள், பால்காரர் கூப்பிட்டார், தெருவில் ரவிக்கையும் சட்டையும் தைக்கக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் கூப்பிட்டார்கள். மாமனாருக்கே வாய் தவறி இரண்டு முறை வந்திருக்கிறது.

அந்த வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் ராஜா ஊர் போவார்கள். எப்போதோ ராஜா ஆண்ட ஊர். இப்போது அரண்மனையை டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். மாமனார் இளவயதில் அங்கே வேலை பார்த்தவர். அதனால் அந்த ஊரைப் பற்றி அவர் பேசினால் ராஜாவே அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். போவதும் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். "ஞாயித்துக்கிழமை போனா தலைதான் தெரியும், அரண்மனை தெரியாது. செவ்வாய்க்கிழமைன்னா ஈ காக்கா இருக்காது," என்பார்.

அண்ணி கல்யாணமாகி வந்த முதல் வருஷம், வேனில் பதினோரு இருக்கை, வீட்டில் பன்னிரண்டு பேர். நாத்தனாருக்கு அப்போது ஏழு வயது. கடைசியில் ஏறப் போன அவளுக்கு இடமில்லை. படிக்குக் கீழே நின்று, சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். அண்ணி ஒரு நொடி பார்த்தாள். பிறகு இறங்கி, "எனக்கு வண்டி ஏறினா தலை சுத்தும். நான் வீட்டுல இருக்கேன்," என்று சொல்லிச் சின்னவளைத் தூக்கித் தன் இடத்தில் உட்கார வைத்தாள்.

சின்னப் பொய்தான். ஆனால் அந்த வீட்டில் அது தழைத்துவிட்டது. மறுவருஷம் யாரும் கேட்கவே இல்லை. "அண்ணிக்கு வண்டி ஆகாது." ஐந்தாம் வருஷம் அது, "அவளுக்கு நம்ம கூட வரப் பிடிக்காது" ஆனது. பத்தாம் வருஷம், "கொஞ்சம் திமிரு உண்டு" என்று முடிந்தது. வீட்டில் ஆட்கள் போனார்கள், புது ஆட்கள் பிறந்தார்கள். யார் போனாலும் யார் வந்தாலும் வேனில் ஏறும் தலை மட்டும் பதினொன்றை விட்டு அசையவில்லை.

இந்த எண்ணிக்கைக்குக் காவல் மாமனார். ரயில்வேயில் கார்டாக முப்பத்து நான்கு வருஷம் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டியவர். ஓய்வு பெற்றும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவில்லை. தூங்கும்போது குறட்டை பலமாக வந்தால் விசிலும் சேர்ந்து ஊதும். தெருமுனையில் நிற்கும் பஸ் அதைக் கேட்டுக் கிளம்பிப் போயிருக்கிறது, இருமுறை. வேனில் எல்லோரும் ஏறியதும் அவர் படியில் ஒரு கால் வைத்துத் தன் மார்பைத் தொட்டு "ஒண்ணு" என்று ஆரம்பிப்பார். விரலை நீட்டித் தலை தலையாக எண்ணுவார். பதினொன்று வந்ததும் விசில். விசிலுக்குப் பிறகு வண்டி ஊர் எல்லை தாண்டும்வரை யாரும் பேசக் கூடாது. ஒருமுறை கொழுந்தனின் செருப்பு படியிலிருந்து ரோட்டில் விழுந்தது. விசில் ஊதியாகிவிட்டதால் அவன் ராஜா ஊர் எல்லாம் ஒற்றைச் செருப்போடு சுற்றினான்.

இந்த வருஷம் வாடகைக்கு வந்த வேனில் பன்னிரண்டு இருக்கை. அதை அண்ணி முந்தின நாளே ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்திருந்தாள்.

மாமனார் எண்ணினார். "...பத்து. பதினொன்னு." விசிலை வாய்க்குக் கொண்டு போனவரின் கண்ணில் இன்னொரு தலை பட்டது. திகைத்துப் போனார். "இன்னைக்கு ஒரு எக்ஸ்ட்ரா பெட்டி," என்று அறிவித்துவிட்டு ஊதினார்.

எல்லை தாண்டியதும் வாந்திக்கு என்று ஆளுக்கொரு பாலித்தீன் பையை அண்ணியிடம் நீட்டினார்கள். அவள் பதினொன்றையும் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மலைப்பாதை வளைவுகளில் மாமியாருக்கு மூன்று கொடுத்தாள், ஓரகத்திக்கு இரண்டு, நாத்தனாரின் கணவனுக்கு ஒன்று. அவன் நாலு ஊர் பஸ் ஓட்டின டிரைவர்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தலை சுற்றவில்லை. கண்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

அண்ணிக்கு ராஜா ஊர் புதிதல்ல. வருஷா வருஷம் போய் வருகிறவர்கள் அவளுக்கென்று மறக்காமல் ஒரு பொருள் வாங்கி வருவார்கள்: அரண்மனைப் படம் போட்ட தபால் அட்டை. ஒவ்வொரு வருஷமும் புதிதாக எடுத்து அச்சடித்த அதே படம். சிம்மாசனம், அதற்கு மேலே அரக்கு நிற வெல்வெட் விதானம், நான்கு மூலையிலும் ஜரிகைக் குஞ்சம். தையல் மெஷினுக்கு மேலே சுவரில் இருபத்தோரு அட்டைகளை வரிசையாக ஒட்டியிருந்தாள். ஒன்பதாவது அட்டையில்தான் கவனித்தாள்... விதானத்தின் இடது ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு கிழிசல். பத்தாவதில் விரல் அளவு. பதினைந்தாவதில் ஒரு சாண். யாராவது தைப்பார்கள் என்று பார்த்தாள். தைக்கவில்லை. ஊரார் துணியில் கிழிசல் பார்த்தாலே அவள் கை துடிக்கும். இது பதின்மூன்று வருஷம் கண்ணெதிரே கிழிந்துகொண்டு போனது. போன வருஷ அட்டையைப் பார்த்து அதே அரக்கு நிறத்தில் நூல் தேடிச் சேர்த்தாள். அந்த நூல்கண்டும் ஊசியும் பையில் இல்லை, இடுப்பில் செருகியிருந்தாள்.

அரண்மனை பகல் பதினொன்றரைக்கு வந்தது. அகலமான தெரு, இரு பக்கமும் மரம், முடிவில் இரும்பு கேட். உள்ளே கால் வைத்ததும் அண்ணி அண்ணாந்து பார்த்தாள். தூண் ஒவ்வொன்றும் நான்கு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். தரை முகம் பார்க்கிற அளவு பளபளப்பு. மற்ற பதினோரு பேரும் வருஷா வருஷம் பார்த்தவர்கள். பால் வாங்கப் போகிற வேகத்தில் போனார்கள். ஆயுத அறை ஐந்து நிமிஷம், பல்லக்கு அறை மூன்று நிமிஷம். தர்பார் மண்டபத்தில் நின்று ஒரு போட்டோ. அந்தப் போட்டோவை எடுத்தது அண்ணி. அதனால் அதிலும் அவள் இல்லை.

போட்டோ எடுத்த கையோடு கொழுந்தனின் போனை அவனிடம் கொடுத்துவிட்டு அவள் மேலே பார்த்தாள். கிழிசல் குஞ்சத்தைத் தொட்டிருந்தது. இன்னும் நான்கு நூல் அறுந்தால் குஞ்சம் சிம்மாசனத்தின் மேலேயே விழும். பார்த்தபடி நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

திரும்பிப் பார்த்தால் மண்டபத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஓடினாள். பல்லக்கு அறை, ஆயுத அறை, படிக்கட்டு, முற்றம். கேட்டுக்கு இருபது அடி தூரத்தில் வந்தபோது வேன் தெரிந்தது. எல்லோரும் ஏறியிருந்தார்கள். மாமனார் முதுகைக் காட்டிக்கொண்டு படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"...ஒம்போது. பத்து. பதினொன்னு. சரியா இருக்கு."

சரியாக இருக்கிறது என்றார்.

அண்ணியின் ஓட்டம் நின்றது. கூப்பிட வாயைத் திறந்தாள். இருபது அடிதான். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஆனால் அந்த 'சரியா இருக்கு' வந்து குறுக்கே நின்றுகொண்டது. அவள் இல்லாமலேயே எண்ணிக்கை சரியாக இருந்தது. எண்ணினவர் தப்பாக எண்ணவில்லை.

விசில் ஒலித்தது. கதவு சாத்திக்கொண்டது. கடைசி இருக்கை ஜன்னலில் அவள் பெற்ற மகளின் தலை தெரிந்தது, காதில் பாட்டுக் கம்பியோடு. வேன் மரநிழலில் போய் மறைந்தது.

'திரும்பி வரட்டும்,' என்று நினைத்தாள் அண்ணி. 'எப்ப ஞாபகம் வருதுன்னு பார்ப்போம். வராமலே போனா... நானும் போகப் போறதில்ல.'

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையும் அதிலிருந்த அவள் போனும் வண்டியில் போய்விட்டன. கையில் இருந்தது நுழைவுச் சீட்டின் பாதியும் இடுப்பில் ஊசியும்தான். நேராகத் தர்பார் மண்டபத்துக்குத் திரும்பினாள்.

சிம்மாசனத்தைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் ஒரு காவலாளி. முகத்தைவிட மீசை அகலம். இரண்டு நுனியிலும் ஒரு டம்ளர் தொங்கவிடலாம்.

"அய்யா, மேல கிழிஞ்சிருக்கு," என்றாள்.

"தெரியும்மா. பதிமூணு வருஷமா ஆபீசுக்கு எழுதிக்கிட்டிருக்கேன். வந்து பாத்துட்டு, 'ஆமா, கிழிஞ்சிருக்கு'ன்னு எழுதிக்கிட்டுப் போறாங்க."

"ஊசி நூல் என்கிட்ட இருக்கு. தச்சுடட்டுமா?"

மீசைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் இடுப்பிலிருந்து எடுத்த நூலை விதானத்தை நோக்கித் தூக்கிக் காட்டினாள். நூல் எது, துணி எது என்று தெரியவில்லை. அவருக்கு மீசை நடுங்கியது.

"தொடக் கூடாதுன்னு போர்டு இருக்கு. உக்காரக் கூடாதுன்னு போர்டு இருக்கு," என்று யோசித்தார். "தைக்கக் கூடாதுன்னு போர்டு இல்ல."

"ஆனா ஓரத்தை எறக்கி மடியில போட்டு, உக்காந்தாத்தான் தைக்க முடியும், அய்யா."

"நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க உக்காந்ததை நான் பாக்கல."

அவர் கயிற்றின் கொக்கியைக் கழற்றினார். இருபத்தோரு வருஷம் வேனில் ஓர் இருக்கை கிடைக்காத பெண், நானூறு வருஷச் சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்தாள். வசதியாக இல்லை. முதுகில் ஒரு சிங்கத்தின் மூக்கு குத்தியது.

விதானத்தின் ஓரத்தை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். அழுகை வந்தது. ஊசி முனை தெரியாமல் போகும் என்று அடக்கிக்கொண்டாள். அசையாமல், கண் கொட்டாமல், விரல் மட்டும் நகர உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் முதல் கூட்டம் உள்ளே வந்தது. வந்தவர்கள் கயிற்றருகே அப்படியே நின்றுவிட்டார்கள்.

"மெழுகு பொம்மைங்க," என்றார் ஒருவர்.

"விரல் அசையுதே?"

"உள்ள மோட்டார் வெச்சிருப்பாங்க. இப்பெல்லாம் என்ன இல்ல?"

கூட்டத்தோடு வந்த கைடுக்கு இப்படி ஒரு பொம்மை வந்த விஷயமே தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்வது கைடு வேலையில் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதுதான் மூத்த ராணி. ராஜா போருக்குக் கிளம்புற அவசரத்துல எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. யானை, குதிரை, தளபதி எல்லாம் எண்ணினாரு. எல்லாம் சரியா இருந்துச்சு. ராணிய மட்டும் மறந்துட்டாரு. அவர் திரும்பி வர்ற வரைக்கும் தச்சுக்கிட்டே இருக்கேன்னு அந்தம்மா உக்காந்துட்டாங்க."

கூட்டத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி விசும்பிக்கொண்டே, "கடைசியில வந்தாரா?" என்று கேட்டாள்.

கைடு வாயைத் திறப்பதற்குள் சிம்மாசனத்திலிருந்து பதில் வந்தது.

"இன்னும் வரல."

இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் கைடு. மிச்சம் இருந்தவர்கள் வெளியே ஓடி, வாசலில் இருந்தவர்களிடம் சொல்லி, அவர்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். அரை மணியில் ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. அரண்மனையில் ராணி பேசுகிறாள். மூன்று மணிக்கு டிக்கெட் வரிசை கேட்டைத் தாண்டி, மரத்தெருவைத் தாண்டி, மணிக்கூண்டைச் சுற்றி மறுபடி கேட்டுக்கே வந்து சேர்ந்தது. கடைசியில் நின்றவரும் முதலில் நின்றவரும் ஒருவருக்கொருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேனில் நடந்ததைப் பிற்பாடு ஏழு பேர் ஏழு விதமாக அவளிடம் சொன்னார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது இதுதான்.

இரண்டு மணி நேரம் போனபின் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். மாமியார் முன்னால் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, "மாத்திரை," என்றார். கொழுந்தன் கையை நீட்டி, "தண்ணி," என்றான். குழந்தைக்குத் துடைக்கத் துணி வேண்டும் என்று நாத்தனார் நீட்டினாள். மூன்று கையும் அந்தரத்தில் நின்றன. எதுவும் வந்து விழவில்லை.

"அண்ணி?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முன் சீட்டுல இருக்காங்கன்னு நெனச்சேன்," என்றாள் மகள்.

"நான் பின்னாடி இருக்காங்கன்னு..."

"அப்பா, எண்ணினீங்கல்ல?"

"எண்ணினேன்டா. பதினொன்னு. சரியா இருந்துச்சு."

மகள் அம்மாவின் போன் எண்ணை அழுத்தினாள். இருக்கைக்கு அடியில் அண்ணியின் பை மணியடித்தது.

பை கிடந்த இடத்துக்கு அருகே அண்ணியின் கணவர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு எதிரே இருப்பது தெரிவது அவர் கைங்கரியம்தான். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அவ பக்கத்து சீட்டுலதான் நான் வந்தேன்," என்று மட்டும் சொன்னார். "சீட்டு காலியா இருந்துச்சு. காலை நீட்டிக்கிட்டேன்."

மாமனார் டீக்கடை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு பயணியைக்கூட விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பாதவர். "திருப்பு வண்டியை," என்றார். விசில் ஊதவில்லை.

நாலரை மணிக்கு டிக்கெட் கவுன்டர் முன்னால் நின்றார்கள்.

"எத்தனை பேர்?" என்றார் உள்ளே இருந்தவர்.

மாமனார் வாயைத் திறந்தார். வாழ்நாள் எல்லாம் எண்ணிய மனிதருக்கு எண் வரவில்லை.

"பெரியவரே, எத்தனை பேர்? பின்னாடி ஊரே நிக்குது."

"உள்ள போறப்ப பதினொன்னு," என்றார் மாமனார். "வர்றப்ப பன்னெண்டு."

கூட்டத்தில் இடிபட்டு, மிதிபட்டு, தர்பார் மண்டபத்துக்குள் வந்து சேர்ந்தவர்களுக்குத் தூக்கி வாரிப்போட்டது. சிம்மாசனத்தில் அண்ணி. மடியில் வெல்வெட். முன்னால் நூறு பேர், சத்தம் போடாமல்.

"அய்யோ, இது நம்ம அண்ணி," என்றாள் ஓரகத்தி.

"சும்மா இருங்கம்மா, ராணி தைக்கிறாங்க," என்று அதட்டினார் பக்கத்தில் இருந்தவர்.

மாமியார் பயந்தால் கோபப்படுகிறவர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். "ஏண்டி, உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்... ஒரு குரல் குடுத்திருந்தா நின்னிருக்க மாட்டோமா? உயிரே போயிடுச்சு எங்களுக்கு."

"கயித்தைத் தொடாதீங்க," என்றார் மீசைக்காரர்.

அண்ணி ஊசியை நிறுத்தவில்லை. "விசில் அடிச்சதுக்கப்புறம் யாரும் பேசக் கூடாதுன்னு மாமாதானே சொல்லியிருக்கார், அத்தை."

"விசிலுக்கு முன்னாடி?"

"முன்னாடிதான் எண்ணினார். சரியா இருக்குன்னார்." ஊசி ஒரு நொடி நின்றது. "நான் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். இருபது அடியில."

மாமனாரின் கை விசிலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். அந்தத் தரையில் அவர் முகமே தெரிந்தது.

நாத்தனார் முன்னால் வந்தாள். கொஞ்ச நேரமாகவே அவள் ஒன்றை மனசுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணி... காலையில பதினோரு பை குடுத்தோம். நீங்க ஒண்ணுகூட எடுக்கல. எங்களுக்குத்தான் எடுத்து எடுத்துக் குடுத்தீங்க. உங்களுக்குத் தலை சுத்தவே இல்லையே?"

"இல்ல."

"இன்னைக்கு மட்டுமா?"

அண்ணி ஊசியைக் குத்தி இழுத்தாள்.

"அண்ணி, உங்களத்தான் கேக்குறேன்... எப்பவுமே சுத்தினதில்லையா?"

"நீ படிக்குக் கீழ நின்னு அழுதுட்டிருந்தே," என்றாள் அண்ணி மெல்ல. "ஏழு வயசு. சத்தம் போட்டு அழுதிருந்தாக்கூட விட்டிருப்பேன்... சத்தமே வரல உனக்கு. ஒரு சீட்டுதானே, அடுத்த வருஷம் போய்க்கலாம்னு சொல்லிட்டேன். அடுத்த வருஷம் யாரும் கேக்கல."

நாத்தனார் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்தோரு வருஷம் கழித்தும் அதே மாதிரி, சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கியது.

"திமிருன்னு சொன்னேனே," என்றார் மாமியார், யாரிடமும் இல்லாமல். "ஊரெல்லாம் சொன்னேனே... வாய் அழுகிப் போக."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க, அத்தை."

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார். "ஏம்மா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமே."

அவர் நின்ற இடத்திலேயே ஒரு அடி குள்ளமாகிவிட்ட மாதிரி இருந்தது.

"அம்மா, வா, போலாம்," என்று அழுதாள் மகள்.

"இன்னும் ரெண்டு சாண் பாக்கி இருக்கு. நில்லுங்க," என்றாள் அண்ணி.

நின்றார்கள். நாற்பது நிமிஷம், பதினோரு பேரும், கயிற்றுக்கு வெளியே. யாரும் டீ கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. குழந்தைக்கு மூக்கு ஒழுகியபோது மாமியார் தன் முந்தானையாலேயே துடைத்தார். அவள் தையல் தையலாகப் போடுவதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் தைப்பதை அந்த வீட்டார் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

கடைசி முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். விதானம் மேலே போனது. எங்கே கிழிந்திருந்தது என்று மீசைக்காரர் தேடினார். கண்டுபிடிக்க முடியாமல் மீசையைக் கண்ணீரில் நனைத்துக்கொண்டார்.

"அம்மா, இங்க இன்னும் பதினாலு மண்டபத்துல துணி கிழிஞ்சு கெடக்கு," என்றார். "இருக்கிறீங்களா? தங்க ரூம் உண்டு. தெற்குப் பார்த்த ஜன்னல்."

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அண்ணி யோசித்தாள். தெற்குப் பார்த்த ஜன்னலில் மெஷினைப் போட்டால் வெளிச்சம் எப்படி விழும் என்றுகூடப் பார்த்துவிட்டாள் போல. பதினோரு முகமும் வெளுத்துக்கொண்டே போனது.

அப்போது மாமனார் கயிற்றருகே வந்தார். முதுகை நிமிர்த்தினார். விரலை நீட்டினார். தன் மார்பைத் தொடவில்லை. சிம்மாசனத்தைப் பார்த்து நீட்டினார்.

"ஒண்ணு," என்றார்.

பிறகு மனைவி, இரண்டு. மகன், மூன்று. பேத்தி, நான்கு. எண்ண எண்ணக் குரல் கரைந்தது. "பதினொன்னு" என்று நாத்தனாரின் குழந்தைத் தலையைத் தொட்டுவிட்டு, கடைசியில்தான் தன் மார்பைத் தொட்டார். "பன்னெண்டு." கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிக் கயிற்றுக்கு மேலாக நீட்டினார். "இனிமே நீ ஊதினாத்தான்மா வண்டி கிளம்பும். நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல."

"கயித்துக்கு மேல பொருள் குடுக்கக் கூடாது," என்றார் மீசைக்காரர், அழுதுகொண்டே. கொக்கியைக் கழற்றினார்.

அண்ணி எழுந்தாள். இறங்கி வந்தாள். நாத்தனார்தான் முதலில் பாய்ந்து கட்டிக்கொண்டாள். "என் சீட்டு, அண்ணி... அத்தனை வருஷமும் அது உங்க சீட்டு..." அதற்கு மேல் மாமியார், மகள், ஓரகத்தி என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள், அண்ணியின் ஒரு கை மட்டும்தான் வெளியே தெரிந்தது. பழக்க தோஷத்தில் அந்தக் கையில் யாருக்கோ ஒரு கைக்குட்டை இருந்தது. நூறு பேரும் கை தட்டினார்கள். மயக்கம் தெளிந்த கைடு, "ராஜா வந்துட்டாரு," என்று சொல்லி மறுபடி விழுந்தார்.

வேனில் முன் இருக்கையை அவளுக்கு விட்டார்கள். எல்லோரும் ஏறி உட்கார்ந்து, மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். அண்ணி திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எண்ணவில்லை, பார்த்தாள். பிறகு விசிலை ஊதினாள். அந்தச் சத்தத்துக்கு மணிக்கூண்டில் இருந்த புறாக்கள் அத்தனையும் எழும்பின. ஊரின் ரயில் நிலையத்தில் நின்ற ரயில் ஒன்று எட்டு நிமிஷம் முன்னதாகக் கிளம்பிப் போனது. விசிலுக்குப் பிறகு பேசக் கூடாது என்ற சட்டத்தை அன்றோடு எடுத்துவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை எல்லோரும் அவளிடம் பேசிக்கொண்டே வந்தார்கள்.

இருபத்திரண்டாவது தபால் அட்டையில் விதானம் முழுசாக இருக்கிறது.

அந்த அரண்மனைக்கு எப்போதுமே செவ்வாய்க்கிழமை வார விடுமுறை.